தொடத் தயங்கும் விரல்

தவழத் தொடங்கிய குழந்தை இருக்கும் வீட்டில் தரையோடு எதையும் வைக்க முடியாது. சாவிக்கொத்து, செருப்பு, செய்தித்தாள், ரிமோட் என்று கையில் கிடைப்பதெல்லாம் நேரே வாய்க்குத்தான் போகும். அதே குழந்தையை ஒரு செடிக்கு எதிரே உட்கார வைத்துப் பாருங்கள். கை நீளும், ஆனால் இலைக்குப் பக்கத்தில் போய் நின்றுவிடும். சில நொடிகள் கழித்துத்தான் தொடும். சில குழந்தைகள் தொடாமலே கையை இழுத்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவரின் முகத்தைத் திரும்பிப் பார்க்கும்.

இந்தத் தயக்கத்தை அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஆனி வெர்ட்ஸ், கேரன் வின் என்ற இரு உளவியலாளர்கள் அளந்து பார்த்து, 2014இல் முடிவுகளை வெளியிட்டார்கள். 8 முதல் 18 மாதம் வரையிலான குழந்தைகளின் முன்னால் செடிகளையும், குழந்தைகள் இதுவரை பார்த்திராத வேறு பொருட்களையும் ஒவ்வொன்றாக வைத்தார்கள். செடியைத் தொடத்தான் குழந்தைகள் அதிக நேரம் எடுத்துக்கொண்டன. யாரும் மிரட்டவில்லை, எச்சரிக்கவில்லை. தயக்கம் குழந்தையோடே வந்திருந்தது.

காரணத்தைச் செடியின் பக்கம் நின்று யோசித்தால் எளிதில் விளங்கும். செடியால் ஓட முடியாது. தன்னைத் தின்ன வருபவர்களிடமிருந்து தப்பிக்க அதற்குள்ள வழிகள் முள், சுணை, பால், கசப்பு, நஞ்சு. மனித இனம் தோன்றிய காலம் முதல் நம் முன்னோர் இந்தச் செடிகளுக்கு நடுவில்தான் உணவு தேடினார்கள். எந்த இலை உணவு, எந்த இலை நஞ்சு என்பதை ஒவ்வொரு குழந்தையும் தின்று பார்த்தே கற்றுக்கொள்ள வேண்டியிருந்தால், பல குழந்தைகளுக்கு இரண்டாவது வாய்ப்பே இருந்திருக்காது.

அதே ஆய்வாளர்கள் அதே ஆண்டில் வெளியிட்ட இன்னொரு ஆய்வைத்தான் இந்த அத்தியாயத்தின் அடித்தளமாகக் கொள்கிறேன். ஒரு பெரியவர் குழந்தையின் எதிரே ஒரு செடியிலிருந்து பழத்தை எடுத்து வாயில் வைக்கிறார். பிறகு, செடியல்லாத ஒரு பொருளில் தொங்கும் பழத்தையும் அதேபோல எடுத்து வாயில் வைக்கிறார். இரண்டில் எது சாப்பிடக்கூடியது என்று கேட்டால், 18 மாதக் குழந்தைகள் பெரும்பாலும் செடியிலிருந்து வந்ததையே தேர்ந்தெடுத்தன. பெரியவர் பழத்தை வாயில் வைக்காமல் காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டபோது அந்தச் சாய்வு இல்லை. 6 மாதக் குழந்தைகளிடமும், அவை எதை எவ்வளவு நேரம் உற்றுப் பார்க்கின்றன என்பதை வைத்துச் சோதித்தபோது, இதே எதிர்பார்ப்பு தெரிந்தது. ஆக, செடியைக் கண்டு கையை நிறுத்திக்கொள்ளும் குழந்தை அதே நேரத்தில் ஒன்றுக்காகக் காத்திருக்கிறது. இதிலிருந்து யார் பறிக்கிறார்கள், பறித்ததை வாயில் வைக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டிருக்கிறது.

வீட்டுத் தோட்டம் என்றால் சத்து, சிக்கனம், நல்ல பொழுதுபோக்கு என்று பேசுவது வழக்கம். எல்லாம் சரிதான். ஆனால் சின்னக் குழந்தை உள்ள வீட்டில் தோட்டம் செய்கிற பெரிய வேலை வேறு என்று நினைக்கிறேன். தன்னைத் தூக்கி வளர்ப்பவர்கள் ஒரு செடியிலிருந்து பறித்து உண்பதைக் குழந்தை நாள்தோறும் கண்ணால் பார்க்கிற இடம் அது ஒன்றுதான். சந்தையிலிருந்து வரும் கூடையில் காய் இருக்கிறது, செடி இருப்பதில்லை. மளிகைச் செயலியில் வரும் காய்க்குச் சந்தையும் இல்லை. குழந்தையின் மூளை எதிர்பார்த்துக் காத்திருக்கும் காட்சியின் முதல் பாதியை நாம் வெட்டி எடுத்துவிட்டோம்.

அந்தக் காட்சி முழுமையாக நடப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் மணத்தக்காளிச் செடி ஒன்று போதும். யாரும் விதைக்காமலே, பறவைகள் போட்ட எச்சத்திலிருந்து தொட்டி ஓரத்தில் முளைத்துக்கொள்ளும். இடுப்பளவுகூட உயராததால் மூன்று வயதுக் குழந்தையின் கண் மட்டத்திலேயே காய்க்கும். ஒரே கொத்தில் பச்சைக் காயும் கறுத்த பழமும் சேர்ந்து தொங்கும். பாட்டி கறுத்ததைக் கிள்ளி, முந்தானையில் துடைத்து, தன் வாயில் ஒன்று போட்டுக்கொண்டு பேத்தியின் கையில் ஒன்று வைப்பார்.

"பச்சை வேணாமா பாட்டி?"

"அது இன்னும் பழுக்கல கண்ணு. கறுப்பா மினுமினுன்னு இருக்குல்ல, அதத்தான் பறிக்கணும்."

பாடம் அவ்வளவுதான். ஆனால் அதற்குள் இருக்கும் வேதியியல் சிறியதல்ல. கத்தரிக் குடும்பத்தைச் சேர்ந்த இந்தச் செடியின் பச்சைக் காயில் சோலனின் வகை நச்சுப் பொருட்கள் இருக்கின்றன. பழுக்கப் பழுக்க அவை குறைகின்றன. வற்றலுக்காகக் காயாகவே பறிக்கும் வீடுகளிலும் குழந்தை கையில் பச்சையாகக் கொடுப்பது பழத்தை மட்டும்தான். ஐரோப்பாவில் இந்தச் செடியும் இதன் நெருங்கிய உறவுகளும் நெடுங்காலமாக நச்சுச் செடி என்றே பெயர் வாங்கியிருக்கின்றன. அங்கே வளரும் குழந்தைக்கு இதைக் காட்டி, தொடாதே என்பார்கள். இங்கே வாய்ப்புண்ணுக்குக் கீரை கடைந்து ஊட்டுகிறோம். இரண்டு குழந்தைகளின் நாக்கும் ஒன்றுதான். பார்த்த கைகள்தான் வேறு.

பிறவித் தயக்கத்தை முழுக் காவலாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. அது சில நொடி நேரம் கையைத் தாமதப்படுத்துகிறது, அவ்வளவே. அந்த நொடிகளில் பக்கத்தில் ஒரு பெரியவர் இருக்க வேண்டும். சிவப்பும் கறுப்புமாகப் பளபளக்கும் குன்றிமணி எந்தக் குழந்தையையும் ஈர்க்கும், ஆனால் அதற்குள் இருக்கும் அப்ரின் கொடிய நஞ்சு. அரளிச் செடியின் எல்லாப் பகுதியும் நஞ்சு. நம் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கில் கொல்சிசின் இருக்கிறது. இவை மூன்றும் குழந்தை நடமாடும் இடத்தில் இல்லாதபடி பார்த்துக்கொள்வதே நல்லது. ஊமத்தையும் அப்படித்தான். அழகுக்காகவோ பூசைக்காகவோ வேண்டுமென்றால் சில ஆண்டுகள் பொறுக்கலாம்.

கைக்கு அடுத்த காவல் நாக்கில் இருக்கிறது. இனிப்பை அறிய மனிதருக்கு முக்கியமாக ஒரே வகை ஏற்பிதான். கசப்பை அறியச் சுமார் 25 வகைகள் இருக்கின்றன. தாவரங்கள் தயாரிக்கும் நஞ்சுகள் வேதியியலில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை என்பதால் அத்தனையையும் ஒரே ஏற்பியால் பிடிக்க முடியாது. குழந்தைகள் பெரியவர்களைவிடக் கசப்பை வன்மையாக உணர்கிறார்கள். கோடையில் வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவர்கள் இதைச் சற்று மரியாதையோடு பார்க்க வேண்டும்.

வெள்ளரி, சுரை, பீர்க்கு, புடலை, பூசணி, பாகல் எல்லாம் ஒரே குடும்பம். இந்தக் குடும்பத்தின் ஆயுதம் குக்கர்பிட்டாசின் என்ற கசப்புப் பொருள். பல தலைமுறை உழவர்கள் கசக்காத காயின் விதையையே எடுத்து வைத்து எடுத்து வைத்து அதைக் காயிலிருந்து கிட்டத்தட்ட விலக்கினார்கள். அதற்கான மரபணுக்கள் மட்டும் செடியை விட்டுப் போகவில்லை. வெள்ளரியில் இந்தக் கசப்பை உருவாக்கும் ஒன்பது மரபணுக்களைச் சீன அறிவியலாளர்கள் 2014இல் அடையாளம் கண்டார்கள். கடும் வெயிலும் தண்ணீர்த் தட்டுப்பாடும் சேர்ந்தால் இந்தக் கசப்பு காயிலும் தலைகாட்டலாம். வெள்ளரியில் காம்பை ஒட்டிய பகுதியில் அது கூடுதல். நுனியை நறுக்கித் தேய்த்துவிட்டு வெட்டும் நம் வீட்டுப் பழக்கத்தில், தேய்ப்பதைவிட அந்தப் பக்கத்தைச் சற்றுத் தாராளமாக வெட்டி எறிவதுதான் பயன் தரும்.

சுரைக்காயில் இது விளையாட்டல்ல. கசக்கும் சுரைக்காய்ச் சாற்றை உடம்புக்கு நல்லது என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தவர்கள் ரத்த வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரிந்து மருத்துவமனைக்குப் போயிருக்கிறார்கள். இந்தியாவில் இறந்தவர்களும் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அமைத்த குழு இதை ஆராய்ந்து, கசக்கும் சுரைக்காயை உண்ணவே கூடாது என்று எச்சரித்தது. சமைத்தாலும் இந்த நஞ்சு அழியாது. எனவே மாடியில் காய்த்த சுரைக்காயை வெட்டியதும் பெரியவர் ஒரு துணுக்கை நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். கசந்தால் துப்பிவிட்டு, காயை உரக்குழியில் போட வேண்டும். சுரைக்காய்க் கூட்டைக் குழந்தை துப்பினால், அதட்டுவதற்கு முன்னால் நாமும் ஒரு வாய் எடுத்துப் பார்ப்பது நல்லது. அது சொல்வது உண்மையாக இருக்கலாம்.

பாகற்காயின் கசப்பும் இதே வேதியியல் குடும்பம்தான், ஆனாலும் நாம் விரும்பிச் சமைக்கிறோம். அந்தக் கசப்பு உணவு, சுரையின் கசப்பு நஞ்சு என்று நாக்கால் பிரித்துச் சொல்ல முடியாது. முன்பு உண்டவர்களைப் பார்த்துத்தான் நமக்குத் தெரியும்.

ஏறக்குறைய இரண்டு வயதில் இன்னொரு கட்டம் தொடங்குகிறது. நேற்று வரை எதையும் வாங்கிக்கொண்ட பிள்ளை இன்று பச்சையாக எதைக் கண்டாலும் வாயை இறுக மூடும். புதிய உணவைக் கண்டு அஞ்சும் இந்தப் பருவம் ஆறு வயது வரைகூட நீடிக்கும். தானே நடந்து, பெற்றோர் கண்ணுக்கு எட்டாத இடம் வரை போகத் தொடங்கும் வயதில் எச்சரிக்கை கூடுவது பொருத்தமாகத்தான் இருக்கிறது. இதை அடம் என்று எடுத்துக்கொள்ளும் வீடுகளில் சாப்பாட்டு நேரம் போராட்டமாகிவிடுகிறது. உளவியலாளர் லியன் பர்ச் 1982இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வயதுக் குழந்தைகள் ஒரு புதிய உணவை எத்தனை முறை சுவைத்தார்களோ அந்த அளவுக்கு அதை விரும்பினார்கள். எட்டு முதல் பதினைந்து முறை வரை சுவைக்கத் தேவைப்படலாம் என்பது பிற்பாடு உருவான பொதுக் கணக்கு. பெரும்பாலான பெற்றோர் நான்காவது, ஐந்தாவது முறையிலேயே அவனுக்குப் பிடிக்காது என்று முடிவு கட்டிவிடுகிறோம். பர்ச்சின் அடுத்தடுத்த ஆய்வுகள் இன்னும் இரண்டைக் காட்டின. உணவைக் கண்ணால் மட்டும் பார்ப்பதால் அதன் சுவை பிடித்துப்போவதில்லை, நாக்கில் பட வேண்டும். சூப்பைக் குடித்து முடி என்று வற்புறுத்தப்பட்ட குழந்தைகளோ வற்புறுத்தப்படாதவர்களைவிடக் குறைவாகக் குடித்தார்கள்.

சுவைக்க வேண்டும், வற்புறுத்தவும் கூடாது என்றால் அந்தப் பதினைந்து முறைக்கு எங்கே போவது? இங்கேதான் தோட்டம் கைகொடுக்கிறது. தட்டின் முன் உட்கார வைக்கப்பட்ட குழந்தைக்குத் தப்பிக்க வழியில்லை. செடிக்கு முன்னால் நிற்கும் குழந்தை கொஞ்சம் கடித்துத் துப்பலாம், பாதியைக் காகத்துக்குப் போடலாம், மறுநாள் மறுபடி கடிக்கலாம். யாரும் கணக்கு வைப்பதில்லை. அமெரிக்காவின் டெக்சாஸில் 16 தொடக்கப் பள்ளிகளில் தோட்டமும் சமையலும் கற்றுக்கொடுத்து நடத்திய ஆய்வில், தோட்டம் இருந்த பள்ளிகளின் பிள்ளைகள் காய்கறி உண்பது கூடியது. உடல் எடையிலும் ரத்த அழுத்தத்திலும் வேறுபாடு தெரியவில்லை. தோட்டத்திடம் எல்லா நோய்க்கும் மருந்து கேட்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். காய் உண்ணப் பழகுவதே எனக்குப் போதுமான பலனாகத் தோன்றுகிறது.

சித்திரையில் மாடியில் எதை வளர்ப்பது என்று கேட்டால், பெரும்பாலானவர்கள் தக்காளி என்று தொடங்குவார்கள். அக்னி நட்சத்திர வெயிலில் தக்காளி பூக்கும், காய்க்காது. பகலில் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டி, இரவிலும் சூடு இறங்காத நாட்களில் மகரந்தம் வீரியம் இழந்து பூக்கள் உதிர்கின்றன. முன்பே பிடித்த காயும் சரியாகச் சிவக்காது, ஏனென்றால் சிவப்பு நிறம் தரும் லைகோபீன் சுமார் 30 டிகிரிக்கு மேல் சரியாக உருவாவதில்லை. ஆர்வமாகக் காத்திருக்கும் குழந்தைக்கு முதல் செடியாகத் தக்காளியைக் கொடுக்க இது ஏற்ற காலமல்ல.

அதே வெயிலில் சிறுகீரையும் அரைக்கீரையும் தண்டுக்கீரையும் தளதளவென்று வளரும். இலைகள் கரியமில வாயுவைப் பிடித்து உணவாக்குவது ரூபிஸ்கோ என்ற நொதியின் துணையால். சூடு ஏறினால் இந்த நொதி தடுமாறி, கரியமில வாயுவுக்குப் பதில் ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்கிறது. செடி உழைத்துச் சேர்த்ததில் ஒரு பங்கு வீணாகிறது. கீரைத்தண்டு இனச் செடிகள் கரியமில வாயுவை முதலில் வேறொரு நொதியால் பிடித்து, இலையின் உட்பகுதியில் உள்ள செல்களில் செறிவாக்கி, அங்கே ரூபிஸ்கோவிடம் ஒப்படைக்கின்றன. ஆக்சிஜனுக்கு அங்கே இடமே கிடைப்பதில்லை. கரும்பும் சோளமும் இப்படித்தான். இந்தப் பாதையை ஆஸ்திரேலியாவில் கரும்பை வைத்து ஆராய்ந்த ஹேட்ச், ஸ்லாக் இருவரும் 1966இல் விளக்கினார்கள். சி4 ஒளிச்சேர்க்கை என்று பாடநூல்களில் வருவது இதுதான். கீரைக்கு இன்னொரு நற்குணம் உண்டு: விதைத்த 25, 30 நாளில் கையில் வந்துவிடும். மூன்று வயதுப் பிள்ளையின் பொறுமைக்கு அதற்கு மேல் இழுக்கும் பயிர் ஒத்துவராது.

காத்திருக்கப் பழகிய பிள்ளைக்குப் பூசணி. கொடி முதலில் ஆண்பூக்களாகவே பூக்கும். நீண்ட பகலும் வெப்பமும் ஆண்பூக்களை மேலும் கூட்டும். பெண்பூவை அடையாளம் காட்டினால் ஒரே முறையில் குழந்தை பிடித்துக்கொள்ளும், ஏனென்றால் இதழுக்குக் கீழே கோலிக்குண்டு அளவுக்கு ஒரு குட்டிப் பூசணி ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும். விடியலில் விரியும் பூ முற்பகலுக்குள் சுருங்கிவிடும். மாடியில் தேனீ வரத்து குறைவாக இருந்தால் குழந்தையே தேனீயாகலாம். ஆண்பூ ஒன்றைக் காம்போடு பறித்து, மஞ்சள் இதழ்களைக் கிழித்து எடுத்தால் நடுவில் ஒரு தூண் மட்டும் நிற்கும். விரலில் தொட்டால் பிசுபிசுவென்று மகரந்தம் ஒட்டும். அதைப் பெண்பூவின் நடுவிலுள்ள சூல்முடியின் எல்லா மடல்களிலும் மெல்லத் தடவ வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தடவினால் அந்தப் பக்க விதைகள் மட்டும் வளர்ந்து காய் கோணிக்கொள்ளும். மகரந்தம் சேராவிட்டால் சில நாட்களில் குட்டிக்காய் மஞ்சளாகிக் கழன்று விழும், சேர்ந்திருந்தால் பருக்கத் தொடங்கும். தான் செய்தது பலித்ததா என்று ஒரு குழந்தை காலையில் எழுந்ததும் ஓடிப்போய்ப் பார்க்கும் சோதனை வேறு எந்தப் பாடநூலில் இருக்கிறது?

பீர்க்கை மாலையில்தான் பார்க்க வேண்டும். பசலை படர்ந்த மேனிக்குச் சங்கப் புலவர்கள் உவமை சொன்ன அந்த மஞ்சள் பூ, வெயில் தாழ்ந்த பிறகு விரிகிறது. புடலையின் வெள்ளைப் பூ நூல்நூலாகப் பிரிந்த ஓரங்களோடு இருட்டியபின் விரிந்து அந்துப்பூச்சிகளுக்காகக் காத்திருக்கிறது. கத்தரிப் பூவுக்கு முறை வேறு. மகரந்தம் குழல் போன்ற பைகளுக்குள் அடைந்திருக்கும், நுனியில் சிறு துளை மட்டுமே உண்டு. கருவண்டும் நீலவரித் தேனீயும் பூவைப் பற்றிக்கொண்டு, சிறகை அசைக்காமல் பறப்புத் தசையை மட்டும் அதிரவைக்கும். அந்த அதிர்வில் மகரந்தம் கொட்டும். பூவுக்கு அருகே காதை வைத்தால், பறக்கும்போது கேட்கும் ரீங்காரத்தைவிட உச்சமான ஒரு ஒலி விட்டுவிட்டுக் கேட்கும். தேனுக்காக நாம் வளர்க்கும் தேனீயால் இப்படிச் செய்ய முடியாது.

மண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். பின்லாந்தில் குழந்தைகள் காப்பகங்களின் முற்றத்தில் காட்டு மண்ணையும் செடிகளையும் பரப்பி, 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளை விளையாட விட்டார்கள். 28 நாளில் அவர்களின் தோலில் நுண்ணுயிர் வகைகள் கூடின, நோய் எதிர்ப்பாற்றலைச் சீர்படுத்தும் சில குறிகளும் உயர்ந்தன. 2020இல் வெளியான இந்த ஆய்வைக் காட்டி, மண் தின்றால்கூட நல்லது என்று பேசுவோர் உண்டு. பின்லாந்துக் காட்டு மண் வேறு, நம் ஊர் மண் வேறு. மண்வழி பரவும் குடற்புழுக்கள் இங்கே இன்னும் இருப்பதால்தான் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் அல்பெண்டசோல் மாத்திரை கொடுக்கிறார்கள். மண்ணைப் பிசையட்டும், பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். பச்சையாகத் தின்னும் எதையும் கழுவிக் கொடுங்கள். மக்காத மாட்டுச் சாணத்தைக் கீரைப் பாத்தியில் போடாதீர்கள், மக்கிய எரு போதும். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் தண்ணீர் தேங்கினால் ஒரு வாரத்துக்குள் டெங்குக் கொசு பிறந்துவிடும். மே மாதத்து மாடித்தளம் பத்து மணிக்கே பிஞ்சுப் பாதத்தைச் சுட்டுவிடும். தோட்ட வேலையெல்லாம் காலை எட்டு மணிக்கு முன், இல்லாவிட்டால் மாலை ஐந்தரைக்குப் பின்.

எல்லாம் செய்தும், தன் கையால் தண்ணீர் ஊற்றி வளர்த்த கத்தரிக்காயைத் தொடவே மாட்டேன் என்னும் பிள்ளைகள் உண்டு. அதில் தவறேதும் இல்லை. அப்பாவும் அத்தையும் அதை ரசித்துச் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும், சுவைக்கும் நாள் பிறகு வரும். ஆனால் ஒரு நிபந்தனை: பறித்த இடத்திலேயே உண்ணும் தோட்டத்தில் பூச்சிக்கொல்லி தெளிக்கக் கூடாது. தெளித்தால், செடியிலிருந்து நேரே வாய்க்கு என்ற தொடர்பை நாமே தடை செய்ய வேண்டிவரும். மாவுப்பூச்சியைத் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தும் பழைய பல் தூரிகையால் தேய்த்தும் அகற்றலாம். அசுவினி கூடினால், பொறிவண்டும் அதன் புழுவும் வரும்வரை சில நாள் பொறுக்கலாம்.

வீட்டில் இரண்டு, மூன்று வயதுப் பிள்ளை இருந்தால் நான் முதலில் சொல்வது கீரையும் வெண்டையும். வெண்டை வெயிலைத் தாங்கும். பறித்துக் கழுவியதும் பிஞ்சைப் பச்சையாகவே கடிக்கலாம், கசக்காது. நுனியை ஒடித்தால் பட்டென்று ஒடிய வேண்டும், வளைந்தால் முற்றிவிட்டது என்று பொருள். ஒடித்துப் பார்க்கும் வேலையைப் பிள்ளையிடமே கொடுத்துவிடுங்கள். காயின் மேல் மென்சுணை உண்டு. அரிக்கிறது என்று கையை இழுத்துக்கொண்டால் ஒரு துணியால் துடைத்துக் கொடுங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்காவிட்டால் நார் ஏறிவிடும். நாட்டு ரகமாக இருந்தால் ஒரு காயை மட்டும் பறிக்காமல் விட்டு, காய்ந்து வெடிக்கும்போது எடுத்து வையுங்கள். ஆடிப் பட்டத்துக்கு அந்த விதை போதும்.